டண்டீயில் பட்டமளிப்புக்கு அறை எடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

தம்பியின் பட்டமளிப்புக்காக ஜூலை மாதம் ஸ்காட்லாந்தில் இருக்கும் டண்டீ நகருக்குப் போயிருந்தோம். கும்பகோணத்திலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். நானும் கணவரும் லீட்ஸிலிருந்து காரில் கூட்டிப் போனோம். ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு நடுத்தர ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். வீடு திரும்பிய நான்காம் நாள், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அறையில் உணவு வாடை அடிக்கிறது என்று 150 பவுண்டை என் கணவரின் கிரெடிட் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்க ஆறு வாரம் ஆனது. நவம்பரில் அடுத்த பட்டமளிப்பு வருகிறது. ஊரிலிருந்து பெற்றவர்களை வரவழைக்கும் பிள்ளைகள் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

ஹோட்டலின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்யும் இடங்கள் இன்னும் இருக்கும். அந்த ஒரு பெயரைத் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மார்ச்சிலேயே முன்பதிவு செய்துவிட்டேன். பட்டமளிப்பு வாரத்தில் டண்டீயில் அறை விலை ஏறும் என்று தம்பி எச்சரித்திருந்தான். ஒரு முன்பதிவு இணையதளத்தில் அந்த ஹோட்டலில் இரண்டு வகை அறை காட்டியது. சாதாரண அறை ஓர் இரவுக்கு 121 பவுண்டு, டே ஆற்றைப் பார்த்த அறை 158. அப்பாவுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கப் பிடிக்கும். காவிரிக்கரையில் வளர்ந்தவர். அதனால் யோசிக்காமல் ஆற்றைப் பார்த்த அறையே இரண்டு எடுத்தேன். இரண்டு இரவுக்கு மொத்தம் 632 பவுண்டு. பணம் திரும்பக் கிடைக்காத முன்பதிவு. முழுத் தொகையையும் தளமே அன்றைக்கே எடுத்துக்கொண்டது. அப்போது இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது.

டே சாலைப் பாலத்தின் வழியாகத்தான் ஊருக்குள் போனோம். 1966-இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், தெற்குக் கரையில் ஃபைஃப் பக்கம் உயர்ந்து டண்டீ பக்கம் சரிந்து இறங்கும். இறங்கும்போது இடது பக்கம் வி அண்ட் ஏ என்ற வடிவமைப்பு அருங்காட்சியகம், பக்கத்தில் டிஸ்கவரி கப்பல். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்து 2018 செப்டம்பரில் திறந்த கட்டடம் அது, கல் பலகைகளை அடுக்கிய செங்குத்துப் பாறை மாதிரி தண்ணீரை ஒட்டி நிற்கிறது. துருவப் பயணி கேப்டன் ஸ்காட் அண்டார்க்டிகா போன டிஸ்கவரி இதே ஊரில் கட்டி 1901-இல் நீரில் இறக்கிய கப்பல். பழைய துறைமுகத் துறைகளை 1960களில் மூடி, அதன் மேல் பாலத்துக்குச் சாலை போட்டுவிட்டதால் ஊர் பல வருடம் ஆற்றிலிருந்து பிரிந்து கிடந்ததாம். 2001-இல் தொடங்கிய நீர்முனைத் திட்டம் அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறது. முப்பது வருடத் திட்டம், நூறு கோடி பவுண்டு. பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது. ஹோட்டல்களின் விளம்பரப் படம் எல்லாம் இந்த அழகைத்தான் காட்டுகின்றன. உங்களுக்குத் தரப்போகும் அறையின் ஜன்னல் அந்தப் படத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

வரவேற்பில் ஓர் இளைஞர்தான் இருந்தார், எங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில். லிஃப்ட் ஓடவில்லை என்றார். அறை மூன்றாம் மாடி. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். கீழே ஏதாவது அறை இருக்கிறதா என்று கேட்டதற்கு எல்லாம் நிரம்பிவிட்டது என்றார். வண்டி நிறுத்த இடம் உண்டு என்று தளத்தில் போட்டிருந்தது, ஆனால் அது நாலு தெரு தள்ளி இருக்கும் கட்டண நிறுத்தம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் கார்டைக் கேட்டார், அறைக்கு 100 பவுண்டு வீதம் டெபாசிட்டாகப் பிடித்து வைப்போம், போகும்போது விட்டுவிடுவோம் என்றார். கையெழுத்துக்கு ஒரு டேப்லெட்டை நீட்டினார். திரையில் கையெழுத்துக் கட்டம் மட்டும்தான் தெரிந்தது. மேலே தள்ளிப் பார்த்தால்தான் நிபந்தனைகள் வரும். அம்மா கால் வலியோடு நின்றுகொண்டிருந்தார், கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அதிகப்படி சுத்தம் செய்ய 150 பவுண்டு வரை" என்ற வரி அதற்குள்தான் இருந்திருக்கிறது.

மேலே போய்க் கதவைத் திறந்தால் ஜன்னலுக்கு எதிரே சுவர். இரண்டு அறையிலும் அப்படித்தான். அப்பா அம்மா அறைக்குக் கீழே ஹோட்டல் சமையலறையின் புகை வெளியேற்றும் குழாய் வேறு. ஜன்னல் ஒரு கை அகலம்தான் திறக்கும். அந்த இடுக்கு வழியாக வறுத்த கறி வாடை நேராக உள்ளே வந்தது. அம்மா சைவம். ஜன்னலை மூடினால் புழுக்கம், ஏசி கிடையாது. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிற ஜூலை. நான் கீழே இறங்கிப் போய், நாங்கள் ஆற்றைப் பார்த்த அறைக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்றேன். "அது விருப்பப் பதிவுதான், உறுதி கிடையாது. நீங்கள் தளத்திடம்தான் கேட்க வேண்டும்" என்று பதில். தளத்துக்கு அரட்டையில் எழுதினால், "அறை ஒதுக்குவது ஹோட்டலின் பொறுப்பு" என்று பதில். அன்று இரவு 10.40-க்கு, சமையலறை வாடை அறைக்குள் வருகிறது, மாற்று அறை தாருங்கள் என்று ஹோட்டலுக்கு மின்னஞ்சல் போட்டேன். காலையில், "மன்னிக்கவும், இன்று அறை காலி இல்லை" என்று இரண்டு வரி வந்தது. அந்த இரண்டு வரிதான் கடைசியில் எங்களைக் காப்பாற்றியது.

பட்டமளிப்பு நன்றாக நடந்தது. கெயர்ட் ஹாலில், அங்கி போட்டுத் தம்பி மேடை ஏறியபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். சணல் ஆலை அதிபர் ஜேம்ஸ் கெயர்ட் கொடுத்த பணத்தில் எழுந்த மண்டபம் அது. மறுநாள் வெர்டன்ட் வொர்க்ஸ் என்ற பழைய சணல் ஆலைக்குப் போனோம், இப்போது அருங்காட்சியகம். அப்பா முப்பது வருடம் நெல் மண்டியில் கணக்கெழுதியவர். சாக்கு என்றால் அவருக்குக் கையால் தொட்டுத் தரம் சொல்லத் தெரியும். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த சணலைத் திமிங்கில எண்ணெய் விட்டு மென்மையாக்கி நூற்றார்கள் என்று படித்துச் சொன்னதும், "நம்ம ஊர்ச் சாக்குக்கு இங்கே ஒரு வேர் இருக்கே" என்று ஒவ்வொரு எந்திரத்தின் முன்னாலும் நின்றார். டண்டீ மக்களும் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டினார்கள். ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குற்றச்சாட்டே அதுதான். அம்மா எவர்சில்வர் டப்பாவில் புளியோதரையும் இட்லிப் பொடியும் கொண்டுவந்திருந்தார். முதல் நாள் மத்தியானம் வழியில் காரை நிறுத்தி, ஒரு பூங்காவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அறையில் சூடு பண்ணியது வெந்நீர் மட்டும்தான், அதுவும் அவர்கள் வைத்திருந்த கெட்டிலில். கிளம்பும் காலையில் அம்மா படுக்கையை மடித்து, தூசி தட்டி, "பாரு, எவ்வளவு சுத்தமா விட்டுட்டு வரேன்" என்று சித்திக்கு வாட்ஸாப்பில் அனுப்ப அறை முழுவதையும் வீடியோ எடுத்தார்.

150 பவுண்டு போன விஷயம் கார்டு செயலியில்தான் தெரிந்தது. ஹோட்டலிலிருந்து ஒரு கடிதம் இல்லை. நான் கேட்ட பிறகு, "மசாலா வாடையால் அறையை ஒரு நாள் வாடகைக்கு விட முடியவில்லை" என்று எழுதினார்கள். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "என்னாலதான்மா உனக்கு இவ்வளவு செலவு. நான் அந்த டப்பாவையே எடுத்து வந்திருக்கக் கூடாது" என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பணத்தைவிட இதுதான் தாங்கவில்லை. அறுபத்தெட்டு வயது அம்மா, வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறி வந்தவர், தன் கையால் செய்த சோற்றை நினைத்து வெட்கப்பட்டார். எங்கள் மாதிரி ஆட்களிடம் வாடை என்று சொன்னால் எதிர்த்துப் பேசாமல் கட்டிவிடுவார்கள் என்ற எண்ணத்தில்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆதாரம் கேட்டேன். காரணம் மாறியது. இப்போது தரைவிரிப்பில் மஞ்சள் கறை என்றார்கள், ஒரு படமும் அனுப்பினார்கள். படத்தில் இருந்த விரிப்பு நீலக் கோடு போட்டது. நாங்கள் தங்கிய அறையில் வெறும் சாம்பல் நிறம். அம்மாவின் வீடியோவில் மூலை முடுக்கெல்லாம் தெளிவாக இருக்கிறது. கறையும் இல்லை, நீலக் கோடும் இல்லை. வீடியோ, அவர்கள் அனுப்பிய படம், முதல் இரவு நான் வாடை பற்றிப் போட்ட மின்னஞ்சல், அவர்களுடைய இரண்டு வரிப் பதில் எல்லாவற்றையும் சேர்த்து கார்டு நிறுவனத்துக்கு அனுப்பி, இந்தத் தொகைக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்று சார்ஜ்பேக், அதாவது கார்டு நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்ப எடுத்துத் தரும்படி கேட்டோம். ஹோட்டலுக்கும் ஒரு கடிதம். நுகர்வோர் உரிமைச் சட்டம் 2015-இன்படி, நிபந்தனை தெளிவாகவும் கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும், அளவுக்கு மீறிய தொகையை நஷ்ட ஈடாகக் கேட்கும் நிபந்தனை நியாயமற்றதாகக் கருதப்படலாம் என்று எழுதினேன். ஆறாவது வாரம் 150-ம் வந்துவிட்டது. மன்னிப்பு வரவில்லை.

அறை வித்தியாசம் இன்னும் வரவில்லை. ஓர் அறைக்கு இரவுக்கு 37 பவுண்டு வீதம், இரண்டு அறைக்கும் இரண்டு இரவுக்கும் 148 பவுண்டு. இங்கேதான் தளத்தின் வழியாகக் கட்டியது காலை வாரிவிட்டது. 1974-இன் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒன்றைக் கிரெடிட் கார்டில் வாங்கி, விற்றவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. ஆனால் கடன் கொடுத்தவர், வாங்கியவர், விற்றவர் என்ற சங்கிலி நேராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு தளம் பணத்தை வாங்கிக்கொண்டால் சங்கிலி அறுந்துபோகலாம். எங்களுக்கு அதைச் சொல்லித்தான் மறுத்துவிட்டார்கள்.

அதனால் தயவுசெய்து ஹோட்டலிடமே நேரடியாக, கிரெடிட் கார்டில் கட்டுங்கள். விலை ஐந்து பத்து கூடினாலும் பரவாயில்லை. ஆற்றைப் பார்த்த அறைதான், லிஃப்ட் ஓடுகிறது என்பதை ஹோட்டலிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தொலைபேசியில் சொன்னது நிற்காது. இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யலாம் என்று பலர் நம்புகிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த ஹோட்டல் அறைக்கு அந்த உரிமை கிடையாது. டேப்லெட்டை நீட்டினால் மேலே தள்ளி முழுதாகப் படியுங்கள், வரிசை காத்திருக்கட்டும். அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன்பு ஒரு வீடியோ, கிளம்பும்போது இன்னொன்று. குறை இருந்தால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் அன்றே மின்னஞ்சலும் போடுங்கள். கட்டாயக் கட்டணம் எதையும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரல் 6 முதல் சட்டம் இருக்கிறது. பிறகு புதிதாக ஏதாவது கட்டாயம் என்று சேர்த்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். காரில் போகிறவர்களுக்கு இன்னொன்று: டண்டீ நகர மையத்தில் 2024 மே 30 முதல் அதிகப் புகை விடும் வண்டிகளைத் தடுக்கும் குறைந்த உமிழ்வு மண்டல விதி அமலில் இருக்கிறது. பழைய டீசல் வண்டியாக இருந்தால் போவதற்கு முன்பே பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள், அபராதம் 60 பவுண்டு.

ஸ்காட்லாந்திலேயே இருப்பவர்கள் அட்வைஸ் டைரக்ட் ஸ்காட்லாந்து என்ற ஆலோசனை அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். 5,000 பவுண்டு வரையிலான வழக்குகளை ஷெரிஃப் நீதிமன்றம் என்ற உள்ளூர் நீதிமன்றத்தில் சிம்பிள் புரொசீஜர் என்ற முறையில் வக்கீல் இல்லாமலே போடலாம். அந்த 148 பவுண்டுக்காக இறுதிக் கெடு வைத்துத் தளத்துக்கும் ஹோட்டலுக்கும் போன வாரம் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் கையெழுத்தும் அதில் இருக்கிறது, அவரே கேட்டுப் போட்டார்.