சுங்கை சிப்புட் பழைய புத்தகக் கடையில் கிடைத்த கூடைப்பந்து நூல்

சுங்கை சிப்புட்டில் நான் அடிக்கடி செல்லும் பழைய புத்தகக் கடையில், அமெரிக்காவின் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் 1950–51 பருவத்தை விவரிக்கும் நூலொன்றை 12 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணியினர் பந்தைக் கூடையை நோக்கி எறியாமல் கையிலேயே வைத்திருந்து, 1950 நவம்பர் 22 அன்று 19–18 என வென்ற ஆட்டத்தைப் பற்றிய பகுதிக்காகவே அதை வாங்கலாம். லேக்கர்ஸ் எடுத்த 18 புள்ளிகளில் 15 ஜார்ஜ் மைக்கன் ஒருவர் எடுத்தவை. இத்தகைய இழுத்தடிப்புக்கு முடிவுகட்டிய 24 விநாடி விதி, அதாவது பந்து கைக்கு வந்த 24 விநாடிக்குள் அதைக் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதி, 1954இல்தான் வந்தது. கணுக்கால் எலும்பு விரிசலோடு மைக்கன் ஆடியும், மேற்குப் பிரிவு இறுதியில் ராசெஸ்டர் ராயல்ஸிடம் அணி தோற்றதைப் படித்தபோது மனம் கனத்தது.

அலமாரிதோறும் பூச்சிக்காகப் பாச்சை உருண்டை போட்டிருந்தார்கள்; ஆனால் அது ஈரத்தைத் தடுக்காது என்பதால், நூலின் கடைசிப் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. சொன்னதும் கடைக்கார அண்ணன் 3 ரிங்கிட்டைத் திருப்பித் தந்தார்.