மீல் மேக்கர்: சீலம் எடுத்துக் கறியை நிறுத்துபவர்களுக்கு

பௌத்தர் ஏற்கும் ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலம் எடுத்து, கறி மீனை நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் சென்னையில் முதலில் வாங்குவது மீல் மேக்கர் பாக்கெட்டைத்தான். உறையில் சோயா சங்க்ஸ் என்று அச்சிட்டிருக்கும்; மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள். இரண்டு முறை சமைத்துப் பார்த்துவிட்டு, "ரப்பர் மாதிரி இருக்கு, ஒரு வாடை வேற" என்று ஒதுக்கிவிட்டு மறுபடி கறிக்கடைக்குப் போனவர்கள் நிறைய. இவ்வளவு மலிவாக இவ்வளவு புரதம் தரும் பண்டத்தைச் சமைக்கும் முறை தெரியாமல் கைவிடுவது வருத்தமான விஷயம். ஊறிய எடைக்குக் கணக்குப் போட்டால் பிராய்லர் கறியைவிடவும் மலிவு.

மூன்று அளவில் கிடைக்கிறது: பெரிய உருண்டை, மினி, கிரானுல்ஸ் எனப்படும் உதிரி. கறித்துண்டு போலத் தெரிவதால் பெரியதைத்தான் அதிகம் பேர் எடுக்கிறார்கள். புதிதாகச் சமைப்பவர்கள் மினி வாங்குவதே நல்லது. மசாலா நடுவரை இறங்கும், பிழியவும் சுலபம். உறையின் பின்பக்கத்தில் கொழுப்பு நீக்கிய சோயா மாவு என்ற ஒரே ஒரு பொருள் இருந்தால் போதும். சாக்கில் கொட்டி எடை போட்டு விற்கும் சரக்கு வேண்டாம்; சென்னைக் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் பதம் கெட்டுவிடும். பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் நெடி வந்தால் எப்படிச் சமைத்தாலும் தேறாது.

உலர்ந்த 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொன்ன அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் ஆகிறது. 40 கிராம் மீல் மேக்கரிலேயே அதில் 20 கிராம் கிடைத்துவிடும். மீதியைப் பருப்பும் சுண்டலும் தயிரும் சோறும் பார்த்துக்கொள்ளும். கறியை நிறுத்திவிட்டோமே என்ற பயத்தில் தினமும் 100 கிராம் தின்பவர்களுக்குத்தான் வயிறு உப்புகிறது. சோயாவில் இருக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் நொதிப்பதே காரணம். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அவற்றில் ஒரு பகுதி குறையும்.

சமையலில் பிழை நேர்வது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில். ஒரு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு டீஸ்பூன் கல்லுப்பும் 50 கிராம் மீல் மேக்கரும் போடுங்கள். மினிக்கு 5 நிமிடம், பெரியதற்கு 8 முதல் 10. கிரானுல்ஸை அடுப்பில் வைக்கவே வேண்டாம். வெந்நீரில் 5 நிமிடம் மூடி வைத்தால் போதும். வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, உள்ளங்கையில் வைத்து இறுகப் பிழியுங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி பிழிதல், ஆக மூன்று முறை. பிழிந்த நீர் கலங்கலாக வருகிறவரை வேலை முடியவில்லை என்று பொருள். சோயாவை அரைக்கும்போது லிபாக்ஸிஜெனேஸ் என்ற நொதி அதன் கொழுப்போடு சேர்ந்து ஹெக்ஸனால் போன்ற பொருள்களை உண்டாக்குகிறது. அந்தப் பச்சை வாடை அவற்றிலிருந்து வருவது. கொதிநீரும் பிழிதலும் வாடையை இழுத்து வெளியேற்றுகின்றன. அதோடு, உள்ளே இருக்கும் துளைகளில் தண்ணீர் நின்றுவிட்டால் குழம்புக்கு அங்கே இடம் இல்லை. குக்கரில் நேராகப் போட்டு மூன்று விசில் விடுகிறவர்களுக்குச் சப்பென்ற பஞ்சு கிடைப்பது அதனால்தான்.

பிழிந்ததும் கட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் கால், இஞ்சி விழுது அரை, தேவையான உப்பு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை ஆறேழு நிமிடம் வதக்குங்கள். இதைத் தவிர்த்துவிட்டுக் குழம்பில் போட்டால் கடிபதம் வராது. கறிக்குழம்பு மணம் என்று நாக்கு நினைவில் வைத்திருப்பதில் பெரும்பங்கு மசாலாவினுடையது: மல்லி 1 மேசைக்கரண்டி, மிளகும் சோம்பும் ஒவ்வொரு டீஸ்பூன், பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ பாதி, கல்பாசி ஒரு சிட்டிகை. இவற்றை வறுத்து, 3 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு அரைத்து ஊற்றுங்கள். கல்பாசி கூடினால் கசக்கும்.

கிரானுல்ஸ் கோலா உருண்டைக்கு அருமை. 50 கிராமை ஊறவைத்துப் பிழிந்து, பொட்டுக்கடலை மாவு 3 மேசைக்கரண்டி சேர்த்துப் பிடியுங்கள். எண்ணெயில் பிரிந்துபோனால் ஈரம் மிச்சம் இருக்கிறது. இன்னும் ஒரு கரண்டி மாவு சேர்த்தால் நிற்கும்.

வெங்காயம், பூண்டு விஷயத்தில் உங்கள் மரபு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாதப் பிரிவின் இல்லறத்தாருக்கும் அம்பேத்கர் வழி பௌத்தருக்கும் இவற்றுக்குத் தடை இல்லை. சீன, வியட்நாமிய மகாயானப் பிரிவில், எல்லா உயிர்களின் விடுதலைக்காகவும் புத்த நிலையை நாடுவோர் ஏற்கும் போதிசத்துவ சீலம் எடுத்தவர்களுக்குப் பிரம்மஜால சூத்திரம் என்ற நூல் ஐந்து காரப் பூண்டு வகைகளை விலக்குகிறது. இங்கேதான் தமிழ்ச் சமையலறை தவறிப்போகிறது: வெங்காயம் பூண்டை எடுத்துவிட்டு, பழக்கத்தில் பெருங்காயம் போட்டுவிடுகிறோம். அந்த ஐந்தில் பெருங்காயமும் ஒன்று. அந்தச் சீலத்தில் இருப்பவர்கள் தக்காளி, கசகசா, இஞ்சி, கறிவேப்பிலை கொண்டு குழம்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"புத்தர் கறியை அடியோடு விலக்கவில்லையே?" என்று வீட்டில் கேட்பார்கள். உண்மைதான். தனக்காகக் கொன்றது என்று கண்டதும் கேட்டதும் ஐயப்பட்டதும் இல்லாத புலாலைப் பிக்கு, அதாவது பௌத்தத் துறவி, ஏற்கலாம் என்று ஜீவக சுத்தம் என்ற புத்தர் உரை சொல்கிறது. அது பிச்சைப் பாத்திரத்தில் விழுவதற்கான விதி. நம்மூர்க் கோழிக்கடையில் உயிர்க்கோழியை எடை போட்டு, நமக்காகவே, நம் கண்ணெதிரே அறுக்கிறார்கள். அங்கே காசு கொடுத்து நிற்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. கொல்லச் சொல்வது, உயிர்க்கொலையை விலக்கும் முதல் சீலத்தையே மீறுவது. சரியான பதில் அதுதான்.

உறைநிலையில் வரும் பொய்க்கறி வகைகளும் இப்போது பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் இருக்கின்றன. கோதுமைக் குளூட்டன், சோயாப் புரதம், எண்ணெய், மெத்தில் செல்லுலோஸ் என்று பட்டியல் நீளும். பலவற்றில் வெங்காயத்தூளும் பூண்டுத்தூளும் உண்டு. விலையும் மீல் மேக்கரைப்போல் பல மடங்கு. சுவையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பௌத்தக் காப்பியமான மணிமேகலை அடுக்கும், ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் சார்புகளில் நுகர்வை அடுத்து வேட்கை, வேட்கையை அடுத்துப் பற்று. தட்டில் கோழிக்கால் வடிவத்தையே தினமும் வைத்துக்கொண்டு அந்தச் சங்கிலியைத் தளர்த்துவது கடினம். முதல் இரண்டு மாதம், வீட்டில் மற்றவர்கள் பிரியாணி தின்னும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாக்கெட் இருக்கட்டும். அன்றாடத்துக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் உறையில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை கலந்ததும் அதில்தான் வரும். பாலும் தேனும் பச்சையில் சேரும். வெளியில் சாப்பிடும்போது குஸ்காவை நம்பாதீர்கள். துண்டு இல்லை என்பதால் சைவம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல கடைகளில் அது கறி பிரியாணி அண்டாவிலிருந்து அள்ளிய சோறுதான். பரோட்டாக் கடைச் சால்னாவையும் கேட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

மீல் மேக்கரால் ஈடுகட்ட முடியாதது வைட்டமின் பி12. சோயாவில் அது இல்லை. பாலும் தயிரும் ஓரளவு தரும். அவற்றையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். இரும்புச்சத்து இருந்தாலும் சோயாவிலேயே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பௌர்ணமி, அமாவாசையில் எட்டு உறுதிகள் கொண்ட நோன்பான எட்டுச் சீலம் காப்பவர்கள் நண்பகலுக்கு முன்பே உண்டு முடிக்க வேண்டும். முந்தின இரவே மீல் மேக்கரை வேகவைத்து, மூன்று முறை பிழிந்து, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் சீக்கிரமே குழம்பு ஆகிவிடும். தயிரும் உப்பும் காலையில் பிசறினால் போதும். இரவே சேர்த்தால் புளித்துத் தண்ணீர் விடும்.