பாட்டின் பின்னால் பிள்ளையா, பிள்ளையின் பின்னால் பாட்டா?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இசையோடு ஆட ஒரு வேளை ஒதுக்கியாயிற்று என்றால், முதலில் கைக்கு எட்டுவது திரையில் ஓடும் அபிநயப் பாட்டுதான். தட்டிவிட்டால் போதும், பொம்மை ஆடும், பிள்ளைகளும் ஆடுவார்கள். அதற்கு எதிரே மூன்று வழிகள் இருக்கின்றன: கொட்டுக்கேற்ற நடை, வாய்ப்பாட்டு, கருவி வாசிப்பு. நான்கையும் ஒரே கேள்வியில் வைத்து உரசிப் பார்க்கிறேன். இதில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

கேள்விக்குக் காரணம் உண்டு. பெரியவர் ஒருவரிடம் "உங்கள் இஷ்டத்துக்கு மேசையில் தட்டுங்கள்" என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு விழும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது 150-ஐ ஒட்டி நிற்கும். சின்னக் கால், வேகமான அடி. பெரியவர் வேகத்தில் பதிவான பாட்டை ஓடவிட்டுவிட்டு "இவனுக்குத் தாளமே நிற்கவில்லை" என்று நாம் சொல்லும்போது, அவன் தாளத்தில்தான் இருப்பான். அது அவனுடைய தாளம், அவ்வளவுதான்.

திரைப் பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. இன்னொரு குறை, ஆடும் பிள்ளையைப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் தெரியும்: கண் திரையில் ஆணி அடித்தாற்போல் இருக்கும், கை மட்டும் ஆடும், கால் நட்ட இடத்திலேயே நிற்கும். மூன்று, நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியானது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அந்த 60-க்குள் இந்தக் கையாட்டத்தைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. தொண்டை கட்டிப்போன நாளில் அது கை கொடுக்கும் என்பதை மறுக்கவுமில்லை.

கொட்டுக்கேற்ற நடைக்கு மூலவர் எமில் ஜாக்-டால்குரோஸ். 1892-இல் ஜெனீவா இசைக் கல்லூரியில் பேராசிரியரானவர். தாளில் இசையைச் சரியாக எழுதிவிடும் மாணவர்கள் வாசிக்கும்போது தாளம் தவறுவதையும், அதே மாணவர்கள் தெருவில் சீராக நடப்பதையும் பார்த்து, உடம்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். அவர் கையில் பியானோ இருந்தது. நமக்கு ஒரு சின்னக் கைமேளம் போதும். இங்கே ஆசிரியர்தான் காத்திருக்கிறார். பிள்ளையை நடக்கவிட்டு, அதன் அடிக்கு அடி கொட்ட வேண்டும். இருபது பிள்ளைகள் இருந்தால் இருபது நடை இருக்குமே என்றால், ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அவள் காலுக்குக் கொட்டுங்கள், மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள். பிறகு மெல்ல வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைப்பதுதான் கடினம். மெதுவாக நடக்கச் சமநிலை வேண்டும். நடை, ஓட்டம், அதற்குப் பின் ஒரு கால் முன்னோடும் குதிரைப் பாய்ச்சல் என்ற வரிசையில் போகலாம். கால் மாற்றி மாற்றித் துள்ளுவதை மூன்று வயதில் கேட்காதீர்கள். பலருக்கு அது ஐந்து வயதை ஒட்டித்தான் வரும்.

இதே மேளத்தில் "கொட்டு நின்றால் சிலை" ஆடலாம். இந்த வயதில் ஓடுவதைவிடச் சட்டென்று நிற்பது பெரிய வேலை. பழகியபின் தலைகீழாக்குங்கள்: கொட்டினால் சிலை, நிறுத்தினால் ஓட்டம். முதல் தடவை வகுப்பே கலகலத்துப் போகும். பதிவிசையும் நேருக்கு நேர் நிற்கும் ஒரே இடம் இந்த ஆட்டம்தான். பாட்டை நடுவில் நிறுத்தத் தெரிந்தால் போதும்.

ஆள் கொட்டுவதற்கும் ஸ்பீக்கர் ஒலிப்பதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா? 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டரை முதல் நாலரை வயதுப் பிள்ளைகளை எதிரில் ஒரு மனிதர், ஓர் இயந்திரம், வெறும் ஒலி என்று மூன்று விதமான கொட்டோடு சேர்ந்து கொட்டச் சொன்னார்கள். மனிதரோடு கொட்டும்போதுதான் தாளம் நன்றாகச் சேர்ந்தது.

வாய்ப்பாட்டு ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்டான் கொடாய் வழி. கருவிக்கு முன் குரல், அதுவும் தாய்மொழிப் பாட்டு என்பது அவர் பிடிவாதம். தொடக்கத்துக்கு இரண்டு ஸ்வரம் போதும்: ப–க. தொலைவில் இருப்பவரை இழுத்துக் கூப்பிடும்போது நம் குரல் இறங்கும் அதே இறக்கம். ஆசிரியர் பிள்ளையின் மூச்சுக்குக் காத்திருக்க முடியும், ஆகவே உரைகல்லில் தேறுகிறது. ஆனால் பெரியவர்கள் தம் வசதிக்குத் தாழ்ந்த சுருதியில் பாடிவிடுகிறார்கள், பிள்ளைகள் எட்டாமல் முனகுகிறார்கள். அபிநயத்தையும் பாட்டையும் ஒன்றாகக் கேட்டால் மூன்று வயதில் வாய் நின்றுபோகும். அதைக் குறையாக எண்ண வேண்டாம். முதலில் அசைவு, வாய் பின்னால் வரட்டும்.

கருவிக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப். 1924-இல் மியூனிக்கில் தொடங்கிய பள்ளியில், சக ஆசிரியர் குனில்ட் கேட்மனோடு சேர்ந்து அவர் வளர்த்த முறை. கட்டைகளைக் கழற்றக்கூடிய சைலபோன் அதன் சாமர்த்தியம். ம, நி இரண்டையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ச ரி க ப த, நம் மோகனம். எதைத் தட்டினாலும் காதைக் குத்தாது. ஆனாலும் மூன்று வயதுக்கு இதைக் கடைசியில்தான் வைப்பேன். கையில் கோல் வந்ததும் கால் நின்றுவிடுகிறது, காதும் மூடிக்கொள்கிறது, எஞ்சிய நேரம் "எனக்கு, எனக்கு" என்பதில் போகிறது. கைதட்டல், தொடைதட்டல், காலுதைப்பு என்று ஓர்ஃப் முறையிலேயே உடம்பைக் கருவியாக்கும் பகுதி உண்டு. அதை எடுத்துக்கொண்டு சைலபோனை ஐந்து வயதுக்குத் தள்ளிவைக்கலாம்.

பதிவிசை தவிர வேறு வழியில்லாத நாளில் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு ஒலியை மட்டும் ஓடவிடுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை குறுக்கே நடப்பதை அரை நிமிடம் எண்ணுங்கள். அறுபதுக்கு மேல் அடி விழுந்தால், உங்களுக்குப் பிடித்த அந்த நிதானமான பாட்டை ஓய்வு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.