சோப்யூஐ: பிழை எந்தப் பக்கம் என்று காட்டும் கருவி

யாழ்ப்பாணத்தில் நாங்கள் டொட்நெற்றில் எழுதிய இணையச் சேவையை வாடிக்கையாளர் ஒருவரின் பிஎச்பி நிரல் அழைத்தபோதெல்லாம் 415 (அனுப்பிய உள்ளடக்க வகையை ஏற்க முடியாது) என்ற பிழையே திரும்பியது. ஜாவா நிரலுக்கோ அதே சேவை ஒழுங்காகப் பதிலளித்தது. இணையச் சேவைகளைச் சோதிக்க உதவும், இலவசமாகவும் கிடைக்கும் சோப்யூஐயில் டபிள்யூஎஸ்டிஎல் (சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் கோப்பு) முகவரியைக் கொடுத்ததும் மாதிரிக் கோரிக்கைகள் தாமாகவே உருவாகின. அவற்றின் தலைப்பு வரிகளைப் பிஎச்பி அனுப்பியவற்றோடு அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் விடயம் வெளித்தது. சோப் என்பது நிரல்கள் எக்ஸ்எம்எல் வடிவில் செய்தி பரிமாறும் நெறிமுறை; அதற்கான பிஎச்பியின் சோப்கிளையன்ற், நாம் வேறு சொல்லாவிட்டால், சோப் 1.1 முறையில் உள்ளடக்க வகையை ‘ரெக்ஸ்ற்/எக்ஸ்எம்எல்’ என்றே அனுப்புகிறது. எங்கள் சேவையின் டபிள்யூஎஸ்-எச்ரிரிபி பைண்டிங் (சேவை எம்முறையில் பேசும் என்பதற்கான அமைப்பு) எதிர்பார்த்ததோ 1.2க்குரிய ‘அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்’. சோப் 1.1ஐ ஏற்கும் பேசிக்-எச்ரிரிபி பைண்டிங்கில் இன்னொரு முகவரியைத் திறந்ததும் சரிவந்தது. (இரண்டு நாளாக, வலையமைப்பைக் காக்கும் தீச்சுவரைத் திட்டியது வீண்.) திரை முதலில் நெரிசலாகத் தோன்றினாலும், பழைய சோப் சேவைகளைப் பராமரிப்போருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.