வளாகப் பேச்சு விதிகளுக்கு மூன்று விளக்குகள்

அமெரிக்காவில் பேச்சுரிமைக்காகக் குரல்கொடுக்கும் ‘ஃபயர்’ (FIRE) அமைப்பு, கல்லூரிகளின் பேச்சு விதிகளைப் படித்து, அவை பேச்சைக் கட்டுப்படுத்தும் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளாகத் தரம் பிரித்து இணையத்தில் இலவசமாக வழங்கும் சேவை, அங்கே கல்லூரி தேடும் மாணவர் அவசியம் பார்க்க வேண்டிய ஒன்று. விதியின் வாசகத்தையே எடுத்துக் காட்டுவதுதான் இதன் பெரிய பலம். ஆபத்து பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக விதியில் இருந்த ‘இழிவுபடுத்துதல்’ என்ற வரையறையற்ற சொல், ஆண் பெண் வேறுபாடுகளின் உயிரியல் காரணங்களை வகுப்பில் விவாதிக்கவே உளவியல் ஆய்வு மாணவர் ஒருவரை அஞ்சவைத்தது. 1989இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த விதிக்குத் தடை விதித்தது. ஆனால் ஏட்டில் உள்ளதை மட்டுமே அளப்பதால், பச்சை விளக்கு பெற்ற வளாகத்திலும் மாணவர்கள் வாய் திறக்கத் தயங்குகிறார்களா என்பதை இந்தக் குறியீடு சொல்லாது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் சட்டத்திருத்தம் நேரடியாகக் கட்டுப்படுத்தாத தனியார் கல்லூரிகளைத் தேடுவோர், நிறத்தோடு நின்றுவிடாமல் விதியையும் முழுதாகப் படித்துவிடுங்கள்.