ஆன்லைன் அரட்டை: பல வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

இயர்போனுக்கும் மடிக்கணினிக்கும் நீண்ட நாள் அனுபவம் எழுதுகிறார்கள். அவற்றைவிட அதிக நேரம் தின்னும் ஆன்லைன் அரட்டையைப் பற்றி அப்படி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பல வருஷமாக வாட்ஸ்அப் குழுக்கள், டெலிகிராம், டிஸ்கார்டு, ரெடிட், ட்விட்டர் என்று இருந்து இப்போது எக்ஸ் ஆகிவிட்டது, நடுவில் கொஞ்ச காலம் கிளப்ஹவுஸ் என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அரசியல், வரலாறு, சினிமா, பாட்டு, தொடர்கள். உருப்படியான காரணம் எதுவும் கிடையாது, பேசப் பிடிக்கும், அவ்வளவுதான். எந்தச் செயலியின் தோற்றம் நன்றாக இருக்கிறது என்பதற்குள் போகப்போவதில்லை. இந்த மாதிரிப் பேச்சுக்கு எது தோதுப்படுகிறது, எது அதைக் கெடுக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அரசியல் பேசினால்தான் சண்டை வரும், சினிமா என்றால் ஜாலி, வரலாறு என்றால் தூக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் கணக்கு வேறு. யார் சொன்னது சரி என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது, அதுதான் ஒவ்வொரு பேச்சின் குணத்தையும் தீர்மானிக்கிறது. சினிமாவில் சில நிமிஷம். வரலாற்றில் ஒன்றிரண்டு நாள். அரசியலில் வருஷக்கணக்கு, அதற்குள் பேசியவர்களில் பாதிப் பேர் குழுவிலேயே இருக்க மாட்டார்கள்.

சினிமாவிலிருந்து ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம். அந்த வசனத்தை நாயகன் சொன்னானா, கூட வந்த நண்பன் சொன்னானா என்று தகராறு வந்தால் காட்சியை ஓட்டிப் பார்த்துவிடலாம். தோற்றவர் ஒரு சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு அடுத்த பேச்சுக்கு வந்துவிடுவார். ஷெர்லாக் ஹோம்ஸ் என்றாலே ‘எலிமென்டரி, மை டியர் வாட்சன்’ என்ற வரிதான் பலருக்கு நினைவு வரும். கானன் டாயில் எழுதிய 4 நாவல்களிலும் 56 சிறுகதைகளிலும் அந்த வரி அப்படியே ஓரிடத்திலும் கிடையாது. முதல் பாதி தனியாக வரும், இரண்டாவது பாதி தனியாக வரும், சேர்த்து ஒட்டியது பின்னால் வந்தவர்கள். இதைச் சொன்னபோது எங்கள் டிஸ்கார்டு குழுவில் யாரும் நம்பவில்லை. ஒருவர் மொத்தக் கதைகளையும் இறக்கிவைத்துத் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ‘சரி, இல்லைதான்’ என்றார். அதோடு முடிந்தது. இவ்வளவு சுத்தமாக முடியும் வாக்குவாதம் அரசியலில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

வசூல் சண்டை மட்டும் விதிவிலக்கு. எந்தப் படம் அதிகம் வசூலித்தது என்று ஆரம்பிப்பார்கள், நேராக எண்ணைப் பார்த்தால் 2009-இல் வந்த ‘அவதார்’. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்க்கும் பட்டியல்களில் 1939-இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ மேலே வந்துவிடும். இரண்டு பேரும் சரியான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே இரவு முழுக்க அடித்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் சினிமாப் பேச்சு தெரியாமலேயே பொருளாதாரப் பேச்சாக மாறிவிடுகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

வரலாறுதான் இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கூற்று வரும், யாராவது ‘ஆதாரம்?’ என்று கேட்பார், ஒரு நாள் அமைதி, அப்புறம் ஒருவர் பழைய புத்தகத்தின் பக்கத்தோடு வருவார். அந்த ஒரு நாள் இடைவெளிதான் இதன் சுகமே. வேகமாக ஓடும் குழுவில் இது நடக்காது. பதில் வரும்போது கேள்வி ஐந்நூறு செய்திகளுக்கு மேலே போயிருக்கும். அதனால் வரலாற்றுப் பேச்சுக்கு ரெடிட் மாதிரி, கேள்விக்குக் கீழேயே பதில் தொங்கும் அமைப்புதான் நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை இழுத்துப் பதில் சொல்லும் வசதி இருக்கிறது, ஆனால் அதை எல்லாரும் பயன்படுத்த வேண்டுமே.

நல்ல உதாரணம் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர். ‘உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்ற பொருளில் அவர் பெயரில் ஒரு வாசகம் சுற்றுகிறது. கருத்துச் சுதந்திரம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் பத்தாவது செய்திக்குள் இது வந்துவிடும், பெரும்பாலும் மெழுகுவர்த்திப் படத்தோடு. வால்டேர் 1778-இல் இறந்துவிட்டார். அந்த வாசகம் முதலில் அச்சில் வந்தது 1906-இல், ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் வால்டேரையும் அவர் நண்பர்களையும் பற்றி எழுதிய புத்தகத்தில். எல்வேசியஸ் என்பவரின் நூலை எரித்த விவகாரத்தில் வால்டேரின் மனநிலை இப்படி இருந்தது என்று தன் வார்த்தையில் எழுதினார், அதை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டார். அந்தச் சொற்கள் தன்னுடையவைதான் என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பழைய புத்தகத்தின் ஸ்கேன் இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது. ஒருவர் அந்தப் பக்கத்தைப் படம்பிடித்துக் குழுவில் போட்டபோது, அதற்கு முன்பு மெழுகுவர்த்திப் படம் அனுப்பியவரே, ‘அப்போ அந்தம்மா பெயரைப் போட்டு மறுபடி அனுப்பட்டுமா?’ என்று கேட்டார். இதைவிட நல்ல முடிவை நான் எதிர்பார்க்கவில்லை.

சீனப் பெருஞ்சுவர் விண்வெளியிலிருந்து தெரியும் என்பதும் இந்த வகைதான். 2003-இல் போய்வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவேயே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். இது கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிடும் பேச்சு.

சரி, அரசியல்.

இங்கே என்ன சொன்னாலும் அன்றைக்கு யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. இந்தச் சட்டம் வந்தால் நாடு நாசமாகிவிடும், இந்தக் கட்சி அடுத்த முறை காணாமல் போகும், இந்தத் தலைவர் மூன்று மாதம் தாங்க மாட்டார். சொன்னவர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். மூன்று மாதம் கழித்துத் தலைவர் நாற்காலியில்தான் இருப்பார், சொன்னதை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். 2016 ஜூன் 23-இல் பிரிட்டனில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வாக்களித்தார்கள். அதற்கு முந்தைய நாள்வரை ‘வாய்ப்பே இல்லை’ என்று எழுதிய பலர், மறுநாள் ‘நான்தான் சொன்னேனே’ என்றார்கள். அதே வருஷம் அமெரிக்கத் தேர்தலிலும் இதே கூத்து. போதாக்குறைக்கு அங்கே ஹிலாரி கிளின்டன் மொத்த வாக்குகளில் சுமார் 29 லட்சம் கூடுதலாக வாங்கியும் மாநிலவாரிக் கணக்கில் தோற்றதால், இரு தரப்பும் தாங்கள் சொன்னது நடந்ததாகவே சாதித்தார்கள்.

எங்கள் டெலிகிராம் குழுவில் ஒருவர் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். கணிப்பு சொல்வதென்றால் தேதியும் சதவீதமும் போட வேண்டும். ‘இவர் ஜெயிப்பார்’ என்று சொன்னால் கணக்கில் வராது, ‘இவர் ஜெயிக்க 80 சதவீதம் வாய்ப்பு, இந்தத் தேதிக்குள் தெரியும்’ என்று எழுத வேண்டும். சொன்னவர் பின்னால் திருத்திவிடக்கூடாது என்பதால் இன்னொருவர் அதை நகலெடுத்து, மேலே பின் செய்துவைத்த பட்டியலில் சேர்ப்பார். முடிவு வந்ததும் பிரையர் மதிப்பெண் போடுவோம். 1950-இல் கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர், மழைக் கணிப்பு எவ்வளவு சரி என்று அளக்க உருவாக்கியது இது. கணக்கு எளிது: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என்று வைத்து, சொன்ன வாய்ப்பு அதிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை அதனாலேயே பெருக்க வேண்டும். 80 சதவீதம் என்று சொல்லி அது நடந்தால் 0.04, நடக்காவிட்டால் 0.64. குறைய வாங்கியவர் கெட்டிக்காரர். எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி என்று நழுவுகிறவருக்கு எப்போதும் 0.25 வந்து மாட்டிக்கொள்ளும்.

இது வந்தபிறகு குழுவில் சத்தம் குறைந்தது. அதிகமாகக் கத்துகிறவர்கள் கடைசி இடத்துக்கு வருவார்கள் என்று நினைத்தோம், அவர்கள் பட்டியல் பக்கமே வரவில்லை. சதவீதம் கேட்டால் ‘அதெல்லாம் அரசியலைச் சூதாட்டமாக்குவது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் சின்னச் சின்ன விஷயங்களாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நாடு நாசமாகும் என்பதற்குப் பதில், இந்த மசோதா இந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறாது என்று எழுதினார்கள். பேச்சு கொஞ்சம் சப்பென்று ஆனது உண்மைதான், ஆனால் எதிராளி என்ன சொல்கிறார் என்பது முதல் முறையாகப் புரிந்தது.

கருத்துக்கணிப்புப் பேச்சும் அப்போதுதான் உருப்பட்டது. 1000 பேரைச் சரியான முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால்கூட ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம், 2 புள்ளி முன்னிலையை வைத்து வெடி போடக்கூடாது என்று ஒருவர் விளக்கினார். உடனே இன்னொருவர், அப்படியானால் லட்சக்கணக்கில் கேட்டுவிட்டால் போச்சு என்றார். அதற்கு வந்த பதில் 1936. அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்ப வாங்கி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவேட்டிலும் பெயர் எடுத்தால், பொருளாதார மந்தக் காலத்தில் யார் கையில் சீட்டு போய்ச் சேரும்? வாங்கியவர்களிலும் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் ஒரு ரகம். அதைவிடப் பல மடங்கு குறைவான ஆட்களைக் கேட்ட கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். அரசியல் வாக்குவாதம் வரலாற்றுக்குள் போனால் மரியாதை தானாக வந்துவிடுகிறது, ஏன் என்றால் அங்கே தேடி எடுக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

அரசியல் பேச்சுக்கு ஞாபகசக்தி வேண்டும் என்பதால்தான் செய்திகள் தானாக மறைகிற வசதி எனக்கு ஆகாது. வாட்ஸ்அப்பில் அது 2020 நவம்பரில் வந்தது. சொந்த விஷயம் பேச அருமையான வசதி, வாதம் செய்ய வேண்டாத வசதி. அழிக்கிற வசதியும் அப்படித்தான். 2017-இல் வந்தபோது 7 நிமிஷத்துக்குள் அழிக்க வேண்டும், இப்போது இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. காலையில் காரசாரமாக எழுதியதை மாலையில் அழித்துவிட்டு, ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்பவருக்கு எதிராக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பவர்கள் வருகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்தக் குழுவில் யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை.

குழுவின் அளவு பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் என்று இருந்த வரம்பு 2022-இல் 512 ஆகி, அதே வருஷம் 1024 ஆனது. டெலிகிராமில் 2 லட்சம். என் அனுபவத்தில் பதினைந்து இருபது பேரைத் தாண்டினால் பேச்சு நின்று மேடைப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஃபார்வர்டு கட்டுப்பாடு மட்டும் உண்மையிலேயே உதவியது. இந்தியாவில் 2018-இலும் உலகம் முழுக்க 2019-இலும் ஒரு தடவைக்கு 5 பேர் அல்லது குழுக்கள் என்று வைத்தார்கள், 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். அப்படிப் பலமுறை கைமாறிய செய்தியில் வரும் இரட்டை அம்புக்குறியைப் பார்த்தால் நான் படிக்காமலேயே தாண்டிவிடுகிறேன். என் பயன்பாட்டில் அதிகம் நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்த அம்சம் அதுதான்.

குரல் அரட்டையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2020-இல் கிளப்ஹவுஸ் வந்தபோது குரல் கேட்டால் சண்டை குறையும் என்று நம்பினோம். குறைந்தது. ஆனால் நல்ல குரல் உள்ளவர் சொன்னதெல்லாம் உண்மையாகிவிட்டது. ஆரம்பத்தில் அங்கே பேச்சைத் திரும்பக் கேட்க வழி கிடையாது, என்ன தேதி சொன்னார், என்ன எண் சொன்னார் என்று யாராலும் சரிபார்க்க முடியாது. வாய்ஸ் நோட் பரவாயில்லை. கோபமான வாய்ஸ் நோட்டை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டால் கோபம் போய்க் காமெடிதான் மிஞ்சும்.

எழுத்தில் கிண்டல் புரியாமல் போவதற்கு மட்டும் இன்றுவரை மருந்தில்லை. 1982 செப்டம்பர் 19-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிப்பு முகம் போட யோசனை சொன்னதே, நகைச்சுவையை ஆட்கள் நிஜம் என்று எடுத்துக்கொண்டதால்தான். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் எமோஜி வந்தாகிவிட்டது. கிண்டலுக்குக் கீழே இன்னும் நாலு பேர் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்போதைய புதுத் தலைவலி ஏஐ. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வாதத்தில் தோற்கும் நிலையில் இருப்பவர் எட்டுப் பத்தி பதிலை ஒட்டிவிட்டுப் போகிறார். படிக்கவே மூச்சு வாங்கும். அதில் இல்லாத புத்தகத்தின் பெயரும் சொல்லப்படாத மேற்கோளும் கலந்திருக்கலாம் என்பதால் ஒவ்வொன்றையும் தேட வேண்டியிருக்கிறது, ஒட்டுவதற்கு ஐந்து விநாடி, சரிபார்க்க ஒரு மாலை. வரலாற்றுப் பேச்சின் அந்த ஒரு நாள் சுகத்தை இது கெடுத்துவிட்டது. எங்கள் குழுவில் இப்போது விதி இதுதான்: ஒட்டலாம், ஆனால் மூலத்தின் பக்கத்தைத் தானே திறந்து பார்த்ததாகப் படம் வைக்க வேண்டும். விதி வந்ததிலிருந்து ஒட்டுகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

இன்னும் தீராத குறை புதிதாகச் சேர்கிறவர்கள். பழைய பேச்சைத் தேடிப் படிக்கும் வசதி இருந்தாலும் யாரும் படிப்பதில்லை. ஒவ்வொருவரும் வந்த வாரமே நெப்போலியன் குள்ளம் என்று ஆரம்பிப்பார்கள். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதியது பழைய பிரெஞ்சு அளவில், இன்றைய கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 168 சென்டிமீட்டர், அந்தக் காலத்து ஆணுக்குச் சராசரிதான், குள்ளமாக வரைந்து பரப்பியதில் கில்ரே போன்ற ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று யாராவது மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். அலுத்துப்போய் அதையும் பின் செய்துவைத்தோம். போன வாரம் ஒருவர் சேர்ந்தார், அந்தப் பின்னுக்குச் சரியாகக் கீழேயே, ‘நெப்போலியன் எவ்வளவு குள்ளம் தெரியுமா?’ என்று ஆரம்பித்திருக்கிறார்.