தத்துக் கொடுக்கிறோம் என்று நோயுள்ள சின்சில்லாவைத் தள்ளிவிட்டார்கள்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பிராணிகளைத் தத்துக் கொடுப்பதாகச் சொல்லும் ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில் நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்கிறாள் மனைவி. ஆறிய பிறகு எழுதினால் பாதியை நாகரிகம் பார்த்து விட்டுவிடுவேன், அதனால் இப்போதே. போனது என் அரை மாதச் சம்பளம். இதுபோன்ற ஆட்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் முழுப் பட்டியல் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பக்கத்தின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், நீங்களும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருப்பீர்கள். அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், அது மாறாது. கைவிடப்பட்ட சிறு பிராணிகளை மீட்டு, சிகிச்சை கொடுத்து, நல்ல வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பதாகச் சொல்லும் ஒரு சமூக வலைத்தளப் பக்கம் அது. பெரும்பாலும் முயல், வெள்ளெலி, கினிப்பன்றி. எப்போதாவது ஒரு சின்சில்லா.

சின்சில்லா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆண்டிஸ் மலைத்தொடரைச் சேர்ந்த கொறித்துண்ணி. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது அறுபது முடி முளைக்கும் அளவுக்கு அடர்ந்த ரோமம். அந்த ரோமத்துக்காகவே காட்டில் இருந்தவற்றைக் கிட்டத்தட்ட வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 முதல் 20 வருடம் வாழும். வெப்பம் ஆகாது, உடம்பில் ஈரம் ஆகாது, தூசியில்தான் குளிக்கும். சும்மா ஆசைக்கு வாங்கும் பிராணி இல்லை. அது தெரிந்துதான் பல மாதம் படித்து, கூண்டு தயார் செய்து, அப்புறம்தான் அந்தப் பக்கத்துக்கு எழுதினேன்.

பேசியது ஒரு பெண்மணி. குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முதல் அழைப்பிலேயே எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் தம்பி. என்னை முழுசாக நம்ப வைத்தது அவர் கேட்ட கேள்விகள்தான். அறையில் ஏசி ஓடுமா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு? கூண்டின் தரை கம்பியா பலகையா? கம்பி என்றால் பாதம் புண்ணாகிவிடும், பலகை போடுங்க தம்பி. திமோத்தி என்ற புல்லின் வைக்கோல் தடையில்லாமல் கிடைக்குமா? தண்ணீரில் குளிப்பாட்டிவிட மாட்டீங்களே? கூண்டை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். மூலையில் இருந்த பிளாஸ்டிக் தட்டைப் பார்த்துவிட்டு, கடித்து விழுங்கிவிடும், எடுத்துவிடுங்க என்றார். நான் உலர்திராட்சையைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் அதட்டலாகவே, "இனிப்பு மட்டும் கொடுக்கவே கூடாது தம்பி, குடல் கெட்டுப்போகும்" என்றார். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

எல்லாமே சரியான கேள்விகள். எடுத்துப்போகிறவனை இவ்வளவு குடைகிறவர் பிராணியைப் பற்றிப் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்?

நானும் கேட்டேன். எடை? 560 கிராம். பல்? "டாக்டர் பார்த்து ஓகே சொல்லிட்டார், ரிப்போர்ட் கூடவே வரும்." தோல்? "ஒண்ணுமில்ல." பழைய வீட்டில் என்ன ஆனது? இதற்கு மட்டும் நீளமான பதில் வந்தது. கொதிக்கும் பால்கனியில் வைத்திருந்தார்களாம், இவர்தான் போய்ச் சண்டை போட்டுத் தூக்கி வந்தாராம். சொல்லும்போதே அழுதார். அழுது முடித்த கையோடு வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்பினார். இன்னும் இரண்டு குடும்பம் காத்திருக்கிறது, ஆனால் உங்களுக்குத்தான் கொடுக்கணும்னு மனசு சொல்லுது என்றார். பரிசோதனை, பயணம் எல்லாம் சேர்த்துத் தத்துக் கட்டணம் என் அரை மாதச் சம்பளம். அனுப்பினேன்.

லக்கி வந்து சேர்ந்தது. அவர்கள் வைத்த பெயர் அது. கூடவே ஒரு சின்னப் பயணக் கூண்டு, ஒரு பை நிறைய உலர்திராட்சை, அப்புறம் அந்த ரிப்போர்ட். மருத்துவமனை பெயரோ முகவரியோ இல்லாத ஒரு அட்டை, அதில் சில டிக் குறிகள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பாதச் சின்னம் பொறித்த ரப்பர் ஸ்டாம்ப். சிரிப்பதா அழுவதா?

சமையலறைத் தராசில் வைத்தேன். 385 கிராம். வளர்ந்த சின்சில்லா பொதுவாக 400 முதல் 600 கிராம் வரை இருக்கும். 560 கிராமாகக் கிளம்பியது வழியிலேயே கரைந்து போனதா?

தாடைக்குக் கீழே ரோமம் நனைந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. முன்னங்கால்களின் உட்பக்கமும் அப்படியே. ஒரு கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது. மூக்கோரத்தில் ரோமம் உதிர்ந்து, செதில் செதிலாக ஒரு வட்டம். வைக்கோலில் ஒரு குச்சியை ஆசையாக எடுக்கும், வாயில் வைக்கும், கீழே போட்டுவிடும். எவ்வளவோ நேரம் இதையே செய்தது. கூட வந்த பையிலிருந்து ஒரு திராட்சையை நீட்டினால் மட்டும் ஓடி வந்தது.

படங்களை அனுப்பினேன். பதில்கள் உடனுக்குடன் வந்தன, அதில் குறை சொல்ல முடியாது. தாடை ஈரமா, தண்ணீர் பாட்டில் கசிந்திருக்கும் தம்பி. கண்ணில் நீரா, தூசிக் குளியல் தூள் பட்டிருக்கும். ரோமம் போயிருக்கிறதா, பயத்தில் உதிர்க்கும், படித்ததில்லையா? இந்தக் கடைசிப் பதிலைப் பாருங்கள். பாதி உண்மை. பயந்தால் அல்லது அழுத்திப் பிடித்தால் சின்சில்லா ரோமத்தை விட்டுவிட்டுத் தப்பிக்கும், நிஜம்தான். ஆனால் அப்படி உதிர்ந்த இடத்தில் தோல் வழவழப்பாக, சுத்தமாக இருக்கும். செதில் இருக்காது.

சாப்பிடவில்லை என்றேன். "ஸ்ட்ரெஸ், ரெண்டு நாள் அப்படியே விடுங்க." சின்சில்லாவை இரண்டு நாள் பட்டினி போட்டால் குடல் இயக்கம் நின்றுபோகும். அரை நாள் தீனியும் இல்லை புழுக்கையும் இல்லை என்றாலே அவசரம். அதைவிட மோசமானது அடுத்த செய்தி: வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் இருந்தால் இரண்டு சொட்டு வாயில் விடுங்கள் என்றார். வீட்டில் அது இல்லை, மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று விட்டேன். பின்னர் மருத்துவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் சின்சில்லாவின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, நச்சுக் கிருமிகள் பெருகி, பிராணியே போய்விடும். மீட்பு நடத்துகிறேன் என்பவருக்கு இது தெரியாதா, அல்லது பிராணி செத்தால் புகாரும் சேர்ந்து சாகும் என்ற கணக்கா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. கோபத்தில் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாய், பூனை பார்க்கும் மருத்துவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்காது. சிறு பிராணிகள் பார்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். முன்பற்களைப் பார்த்தார். நல்ல ஆரஞ்சு மஞ்சளாக இருக்க வேண்டியவை வெளிறிப் போயிருந்தன. தாடையை விரலால் தடவி, கீழே மேடு மேடாக இருப்பதை எனக்கும் தொட்டுக் காட்டினார். விழித்திருக்கும்போது வாயைப் பிளந்து பார்த்தால் பாதிகூடத் தெரியாது என்று மயக்கம் கொடுத்து மண்டையோட்டை எக்ஸ்ரே எடுத்தார்.

சின்சில்லாவின் 20 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வருடத்துக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். வைக்கோலை மணிக்கணக்கில் அரைத்துத்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பற்கள் நீண்டு, எதிர்ப்பல்லில் முட்டி, வேர்ப்பக்கமாக எலும்புக்குள் இறங்க ஆரம்பிக்கும். கீழ்த்தாடையில் மேடு தட்டுவது அதனால்தான். மேலே கண்ணுக்குப் பக்கத்தில் அழுத்துவதால்தான் கண்ணீர். பல்லின் கூர்முனை நாக்கையும் கன்னத்தையும் கிழிப்பதால் எச்சில் வழிகிறது. பாட்டில் கசியவில்லை அக்கா, வாய் கசிந்தது.

இது மாதக்கணக்காக இருந்திருக்கிறது என்றார் மருத்துவர். நீண்ட வேர் இனிப் பழைய நிலைக்குத் திரும்பாது. அவ்வப்போது மயக்கம் கொடுத்துக் கூர்முனைகளைச் சீவலாம், வலிக்கு மருந்து கொடுக்கலாம், கூழ் ஊட்டலாம், அவ்வளவுதான். மூக்கோர வட்டம் படர்தாமரைப் பூஞ்சை. மனிதருக்கும் ஒட்டும். ஏற்கெனவே என் மணிக்கட்டில் ஒன்று, மகளுக்குக் கழுத்தில் ஒன்று.

திராட்சைப் பையின் அர்த்தம் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. இனிப்பே கூடாது என்று அதட்டிய அதே ஆள் ஒரு பை திராட்சை கட்டி அனுப்பியிருக்கிறார். ஏன்? மெல்ல முடியாத வாயால் அதை மட்டும்தான் விழுங்க முடியும், வந்த அன்றைக்காவது எதையோ சாப்பிடுகிறது என்று நான் சும்மா இருப்பேன். ஆக, பல் எப்படி இருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

எக்ஸ்ரேயை அனுப்பினேன். அதுவரை தம்பி. அந்த நிமிடத்திலிருந்து சார். "சார், எங்களிடம் இருந்தவரை நன்றாகத்தான் சாப்பிட்டது. உங்கள் வைக்கோலைச் சரிபாருங்கள்." பல்லின் வேர் என் வைக்கோலால் ஒரே வாரத்தில் கண் வரைக்கும் போனதா என்று கேட்டேன். "இது கடை இல்லை சார். நீங்கள் கொடுத்தது நன்கொடை. நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கமில்லை." முன்பணமாக அனுப்பினால்தான் பிராணி என்று சொல்லி வாங்கிய அரை மாதச் சம்பளம் எப்போது நன்கொடை ஆனது? அதற்கு வந்த பதில்: "பாசம் இருக்கிறவர் பணத்தைப் பேசமாட்டார்."

வேண்டாமென்றால் திருப்பி அனுப்புங்கள், பயணச் செலவு உங்களுடையது, வந்த நிலையைப் பார்த்துவிட்டுப் பணத்தைப் பேசலாம் என்றும் சொன்னார். அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? புதுப் படம், புதுப் பெயர், அடுத்த இளிச்சவாயன். லக்கி எங்கேயும் போகவில்லை.

பக்கத்தின் கீழே நடந்ததை எழுதினேன், அழித்தார்கள். மறுபடி எழுதினேன், பிளாக். தளத்தில் புகார் கொடுத்தால் விதிமீறல் எதுவும் இல்லை என்று இயந்திரப் பதில். இன்று காலை மனைவியின் கணக்கிலிருந்து பார்த்தேன், ஒரு வெள்ளைச் சின்சில்லா போட்டிருக்கிறார்கள். எடை 560 கிராமாம். எல்லாச் சின்சில்லாவுக்கும் ஒரே எடை போலிருக்கிறது!

ஒன்று சொல்லியாக வேண்டும். பல் நோய் இருக்கிறது, ஆயுள் முழுக்கச் செலவு வைக்கும் என்று முன்னாடியே சொல்லித் தத்துக் கொடுக்கிற நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் நான் வீட்டில் பேசி, செலவுக்கு ஒதுக்கி, எடுத்தும் இருப்பேன். இப்போதும் காலையில் எடை பார்த்து, இரவிலும் எழுந்து ஊசிக்குழாயில் கூழ் ஊட்டி, புழுக்கை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். 385 கிராம் 402 ஆகியிருக்கிறது. அந்த அரை மாதச் சம்பளம் கையில் இருந்தால் அடுத்த பல் சீவலுக்கு ஆகும்.

முழுப் பட்டியல் தருவதாகச் சொன்னேன். ஊட்டும் நேரம் வந்துவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நேரலை வீடியோவில் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பதிவு செய்த வீடியோ வேண்டாம். அதே அழைப்பில் வைக்கோல் தின்பதைக் காட்டட்டும், தாடையின் அடிப்பக்கத்தையும் காட்டட்டும். ரிப்போர்ட் என்றால் மருத்துவமனையின் பெயரை வாங்கி நீங்களே அழைத்துக் கேளுங்கள், மண்டையோட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா என்றும் கேளுங்கள். வந்தவுடன் மற்ற பிராணிகளிடமிருந்து தள்ளி வையுங்கள், பூஞ்சை இல்லை என்று தெரியும்வரை கையுறை போடுங்கள், குழந்தைகளைத் தொட விடாதீர்கள். யார் சொன்னாலும் வீட்டு மருந்தை வாயில் விடாதீர்கள். தனி ஆளின் கணக்குக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். நான் அனுப்பியது அரை மாதச் சம்பளம், நீங்களே விரும்பி அனுப்பியது, எங்களால் திருப்ப முடியாது என்று வங்கியில் கைவிரித்துவிட்டார்கள்.